வைரஸ் போயாச்சு, ஆனா ஆன் பண்ணா எரர் வருதா? ஸ்டார்ட்அப் எரரை எடுக்குற முழு வழி

ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணி, சிவப்பா காட்டுனதையெல்லாம் ரிமூவ் பண்ணிட்டு அப்பாடான்னு ரீஸ்டார்ட் பண்ணா, டெஸ்க்டாப் வந்த உடனே நடு ஸ்கிரீன்ல ஒரு குட்டி பெட்டி. மேல ரன்டிஎல்எல்னு இருக்கும், உள்ள வாய்ல நுழையாத ஏதோ ஒரு டிஎல்எல் (ப்ரோக்ராம்கள் கூப்பிட்டு ஓட்டுற துணை ஃபைல்) பேரு, கீழ ஓகே பட்டன். அமுக்குனா போயிடும், நாளைக்குக் காலைல திரும்ப வந்து நிக்கும். இதை எடுத்துட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு வைரஸ் இன்னும் போகலன்னு பயந்து ஃபார்மட் பண்ணச் சொல்றாங்க, மீதிப் பேரு அந்த டிஎல்எல்லை நெட்ல தேடி டவுன்லோட் பண்ணி உள்ள வச்சுட்டு வர்றாங்க.

நடந்தது இவ்வளவுதான். மால்வேர், அதாவது வைரஸ் மாதிரி கெட்ட சாஃப்ட்வேர், தன்னோட ஃபைலை ஒரு இடத்துல வைக்கும், "கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் இதை ஓட்டு"ன்னு விண்டோஸ்கிட்ட இன்னொரு இடத்துல எழுதி வைக்கும். ஆன்டிவைரஸ் ஃபைலைத் தூக்கிடுச்சு, எழுதி வச்ச வரியை விட்டுடுச்சு. விண்டோஸ் தினமும் அந்த வரியைப் படிச்சு ஃபைலைத் தேடி, கிடைக்கலன்னு உங்ககிட்ட வந்து சொல்லுது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிச்சு எடுக்கணும், அவ்வளவுதான் வேலை.

விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் சேர்த்து எழுதுறேன். கமாண்ட், ஃபோல்டர் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கும், டைப் பண்ணும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

1. ஓகே அமுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ

எரர் மெசேஜ்ல இருக்குற பாத், அதாவது ஃபைலோட முழு முகவரி, அதுதான் நம்மகிட்ட இருக்குற ஒரே துப்பு. "ஏதோ டிஎல்எல் இல்லன்னு வருதுங்க"ன்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. முழு பாத்தும் தெரியிற மாதிரி எடுங்க. அதுல மூணு விஷயம் பாக்கணும்.

முதல்ல பெட்டியோட தலைப்பு. ரன்டிஎல்எல்னு இருந்தா கூப்பிடப்படுறது டிஎல்எல் ஃபைல். விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்னு இருந்தா விபிஎஸ் இல்ல ஜேஎஸ் ஸ்கிரிப்ட், பென்டிரைவ் வழியா வர்ற ஷார்ட்கட் வைரஸ்ல அதிகமா வர்றது இதுதான். ரெண்டும் இல்லாம வெறும் பாத் போட்டு "விண்டோஸ் கேனாட் ஃபைண்ட்"னு வந்தா பெரும்பாலும் நேரா ஒரு இஎக்ஸ்இ.

ரெண்டாவது, ஃபைல் இருக்குற இடம். ஆப்டேட்டா, டெம்ப், ப்ரோக்ராம்டேட்டாக்குள்ள அர்த்தமில்லாத எழுத்துக் குவியலா ஒரு பேர் இருந்தா சந்தேகமே வேணாம். ப்ரோக்ராம் ஃபைல்ஸ்க்குள்ள பிரிண்டர் கம்பெனி பேர்ல இருந்தா அது வைரஸ் மிச்சமே இல்ல, எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ண சாஃப்ட்வேரோட மிச்சமா இருக்கலாம். எடுக்குற முறை ஒண்ணுதான், பயம் மட்டும் தேவையில்ல.

மூணாவதுதான் முக்கியம், கடைசி வரி. "தி ஸ்பெசிஃபைட் மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்"னு இருந்தா ஃபைல் போயிடுச்சு, நல்லது. (அபூர்வமா, ஃபைல் இருந்தும் அதுக்குத் துணையா வேண்டிய இன்னொரு டிஎல்எல் இல்லன்னாலும் இதே வரி வரும், அதனால அந்த ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.) "ஆக்சஸ் இஸ் டினைட்"னோ, ஃபைல்ல வைரஸ் இருக்குறதால முடிக்க முடியலன்னோ வந்தா ஃபைல் இன்னும் உள்ளதான் இருக்கு, பெரும்பாலும் விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதை ஓட விடாம புடிச்சு வச்சிருக்கு. அப்ப உங்களுக்கு இருக்குறது மிச்சம் இல்ல, வைரஸே.

2. வைரஸ் நெஜமாவே போயிடுச்சான்னு உறுதி பண்ணுங்க

எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இது. வைரஸ் மெமரில ஓடிட்டு இருந்தா நீங்க அழிச்ச வரியை அது ரெண்டு செகண்ட்ல திரும்ப எழுதிடும், நீங்க அழிக்க அது எழுத, ராத்திரி பூரா இதே வேலையா இருப்பீங்க.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் போய் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்க. ரிமூவ் பண்ணது, க்வாரன்டைன் பண்ணது (அழிக்காம தனியா அடைச்சு வச்சது) எல்லாம் தேதியோட இருக்கும், ஒவ்வொண்ணையும் விரிச்சா எந்த ஃபைல்னு பாத்தும் காட்டும். உங்க போட்டோல இருக்குற பேரும் இதுவும் ஒத்துப் போச்சுன்னா கதை முடிஞ்சது, எரர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. வேற ஆன்டிவைரஸ்ல ஸ்கேன் பண்ணியிருந்தா அதோட லாக்ல பாருங்க.

அங்கயே ரீஸ்டோர்னு ஒரு ஆப்ஷன் கண்ணுல படும். எரர் போகணும்னு அதை அமுக்குனவங்களை நான் பாத்திருக்கேன். எரர் போயிடும், ஏன்னா வைரஸ் திரும்ப வந்துடும்.

அப்புறம் அதே இடத்துல ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன் ஒரு தடவை ஓட்டுங்க. சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா ஏறாமலே ஸ்கேன் நடக்கும், சுமார் 15 நிமிஷம். விண்டோஸ் ஓடும்போது ஒளிஞ்சுக்கிற ஐட்டங்கள் அப்ப ஓடாதுங்கிறதுதான் இதோட லாபம். இன்னொரு கருத்து வேணும்னா மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கு, ஆனா டவுன்லோட் பண்ண 10 நாள்ல அது காலாவதி, அதனால போன மாசம் பென்டிரைவ்ல எடுத்து வச்சதை ஓட்டாம புதுசா எடுங்க.

3. கை வைக்கிறதுக்கு முன்னாடி தயார் பண்ண வேண்டியது

ரீஸ்டோர் பாயிண்ட் ஒண்ணு, ஏதாவது தப்பானா விண்டோஸை இப்ப இருக்குற நிலைமைக்குத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு. ஸ்டார்ட் மெனுல "க்ரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்"னு தேடுனா வரும். சி டிரைவுக்கு ப்ரொடெக்ஷன் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, நிறைய லேப்டாப்ல ஆஃப்லதான் இருக்கு. ஆன் பண்ணிட்டு ஒரு பாயிண்ட் போடுங்க.

பிட்லாக்கர் கீ, அதாவது டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியோட சாவி. புது லேப்டாப் பலதுலயும் டிரைவ் தானாவே என்கிரிப்ட் ஆகி இருக்கும், ஓனருக்கே தெரியாது. ரெக்கவரி ஸ்கிரீனுக்குப் போனா 48 இலக்க கீ கேக்கும், அந்த நேரத்துல முழிக்கக் கூடாது. உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருக்கான்னு இப்பவே பாத்து பேப்பர்ல எழுதிக்கோங்க.

ஆட்டோரன்ஸ். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானா ஓடுற எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்ல காட்டுற டூல் இது. மைக்ரோசாஃப்டோட சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்துலேர்ந்து மட்டும் எடுங்க, ஃப்ரீதான், இன்ஸ்டால் வேணாம், ஜிப்பைப் பிரிச்சு உள்ள இருக்குற ஆட்டோரன்ஸ்64-ஐ ஓட்டுனா போதும். "ரன்டிஎல்எல் எரர் ஃபிக்ஸ்"னு தேடுனா மேல வர்ற ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கிற இடம்) க்ளீனர் எதையும் தொடாதீங்க. ஆயிரம் எரர் இருக்குன்னு காட்டி காசு கேக்கும், இல்லன்னா தேவையானதையும் சேர்த்து வழிச்சு எடுத்துடும். ரெஜிஸ்ட்ரி க்ளீனரை நாங்க சப்போர்ட் பண்றதில்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. காணாமப் போன டிஎல்எல்லைக் குடுக்குற சைட்டுகளும் அப்படித்தான், அந்த டிஎல்எல்லே வைரஸ்தானே, அதை எதுக்குத் தேடிப் போய் வாங்கணும்?

4. தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி

எரர் எப்ப வருது? லாகின் பண்ண உடனே ஒரே தடவை வந்தா ரன் கீ (லாகின் ஆனதும் ஓட வேண்டியதை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரி இடம்), ஸ்டார்ட்அப் ஃபோல்டர், இல்ல லாகின்ல ஓடுற டாஸ்க். அரை மணிக்கொரு தடவை, ஒரு மணிக்கொரு தடவைன்னு இடையில வந்து நின்னா அது கிட்டத்தட்ட எப்பவுமே டாஸ்க் ஷெட்யூலர்தான் (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற விண்டோஸ் வசதி), ஏன்னா ரன் கீ லாகின் அப்ப மட்டும்தான் ஓடும்.

யாருக்கு வருது? வீட்ல ரெண்டு யூசர் அக்கவுண்ட் இருந்தா ரெண்டுலயும் லாகின் பண்ணிப் பாருங்க. ஒருத்தருக்கு மட்டும் வந்தா வரி பெரும்பாலும் அவரோட ஹெச்கீ கரண்ட் யூசர்க்குள்ள (ரெஜிஸ்ட்ரில அந்த யூசருக்கு மட்டுமான பகுதி) இருக்கு, அவரோட லாகின்லதான் தேடணும். எல்லாருக்கும் வந்தா பெரும்பாலும் ஹெச்கீ லோக்கல் மெஷின், எல்லா யூசருக்கும் பொதுவான பகுதி. அட்மின் அக்கவுண்ட்ல போய் மணிக்கணக்கா தேடிட்டு ஒண்ணுமே இல்லன்னு சொல்றவங்க மாட்டுறது இங்கதான்.

5. ஆட்டோரன்ஸ்ல அந்த வரியைப் பிடிக்கிறது

ரைட் க்ளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க, இல்லன்னா மாத்தும்போது பாதியில மறுக்கும். லிஸ்ட் முழுசா வர ஒரு நிமிஷம் ஆகும், கீழ ஸ்கேனிங்னு ஓடிட்டு இருக்கும்போதே அவசரப்பட்டு தேடாதீங்க. முடிஞ்சதும் முதல் வேலையா ஃபைல் மெனுல சேவ் குடுத்து இப்ப இருக்குற நிலைமையைப் பதிஞ்சு வைங்க, அப்புறம் கம்பேர் பண்ணி என்ன மாறுச்சுன்னு பாக்கலாம்.

ஆப்ஷன்ஸ்ல ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் டிக் பண்ணுங்க, கூட்டம் குறையும். மேல இருக்குற ஃபில்டர் பெட்டில போட்டோல இருக்குற ஃபைல் பேர்ல ஒரு துண்டு மட்டும் அடிங்க. வந்துச்சுன்னா அதுதான். வரலன்னா டிக்கை எடுத்துட்டு திரும்பத் தேடுங்க.

கலரைப் பத்தி ஒரு வார்த்தை. மஞ்சள்னா அது சொல்ற ஃபைல் டிஸ்க்ல இல்ல. நம்ம ஆளு பெரும்பாலும் மஞ்சள்ல இருப்பான், ஆனா மஞ்சள்ல இருக்குறவன் எல்லாம் நம்ம ஆளு இல்ல. சுத்தமான சிஸ்டத்துலயும் ரெண்டு மூணு மஞ்சள் இருக்கும், அதுங்க யாருக்கும் தொந்தரவு இல்லாம கிடக்கும். எல்லா மஞ்சளையும் மொத்தமா அழிச்சு விளையாடாதீங்க, எரர்ல வந்த பேரோட ஒத்துப் போறதை மட்டும் தொடுங்க. ரோஸ் கலர்னா யார் தயாரிச்சதுன்னு தெரியல, இல்ல கையெழுத்து சரியில்லன்னு அர்த்தம், அதை வைரஸ்னு முடிவு கட்டிடாதீங்க.

உதாரணத்துக்கு ரொம்பப் பரவலா வந்த ஒண்ணு, பேக்ரவுண்ட்கண்டெய்னர் டிஎல்எல். ஃப்ரீ சாஃப்ட்வேர் கூட ஒட்டிக்கிட்டு வர்ற டூல்பார் வகையறா. அந்த ஆட்வேர் (விளம்பரம் காட்டுற சாஃப்ட்வேர்) க்ளீன் ஆனதும் லாகின்ல இந்தப் பேரைச் சொல்லி எரர் வரும், ஜனங்க ரன் கீ முழுக்கத் தேடுவாங்க, அங்க இருக்காது. ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் டேப்ல பேக்ரவுண்ட்கண்டெய்னர் ஸ்டார்ட்அப் டாஸ்க்னு ஒளிவு மறைவே இல்லாம உக்காந்திருக்கும்.

6. முதல்ல டிக்கை எடுங்க, டெலிட் பண்றது அப்புறம்

வரி கிடைச்ச சந்தோஷத்துல டெலிட் அமுக்கிடாதீங்க, ஆட்டோரன்ஸ்ல டெலிட்டுக்கு அண்டூ கிடையாது. இடது பக்க டிக்கை மட்டும் எடுங்க. அப்படி எடுத்தா அது அந்த வரியை ஆட்டோரன்ஸ்டிசேபிள்டுன்னு ஒரு தனி இடத்துக்கு நகர்த்தி வைக்கும், திரும்ப டிக் போட்டா பழையபடி வந்துடும்.

இப்ப ரீஸ்டார்ட். ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது வேற, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட்டவுன்ல விண்டோஸ் முழுசா அணையாது, அதனால ரீஸ்டார்ட்டே குடுங்க. எரர் வரல, மத்த சாஃப்ட்வேர் எல்லாம் ஒழுங்கா ஓடுதுன்னா ரெண்டு நாள் விட்டுட்டு அப்புறம் டெலிட் பண்ணுங்க.

எரர் திரும்ப வந்தா ஆட்டோரன்ஸைத் திறந்து பாருங்க. நீங்க டிக் எடுத்த வரிக்குப் பக்கத்துலயே அதே வரி டிக்கோட புதுசா முளைச்சிருந்தா வைரஸ் இன்னும் ஓடுது, ஸ்டெப் 2-க்குத் திரும்பிப் போங்க. புதுசா எதுவும் இல்லன்னா அதே ஃபைலை வேற இடத்துலேர்ந்தும் கூப்பிடுறாங்க. ஒரு ஜெராக்ஸ் கடை சிஸ்டம் வந்துச்சு, நாள் பூரா ஊர்ல இருக்குற பென்டிரைவ் எல்லாம் சொருகுற மெஷின், ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் எரர். கடைக்கார அண்ணன் ரன் கீயை அவரே அழிச்சிருக்காரு, போகல, திரும்ப அழிச்சிருக்காரு, போகல. பாத்தா அதே விபிஎஸ் ஃபைலைக் கூப்பிடுற மாதிரி கரண்ட் யூசர் ரன்ல ஒண்ணு, லோக்கல் மெஷின் ரன்ல ஒண்ணு, ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல ஒரு ஷார்ட்கட், மொத்தம் மூணு. இந்த வகை ஸ்கிரிப்டுக்கு அதுதான் பழக்கம், ஒண்ணுக்கு மூணா எழுதி வைக்கும். அதனால ஃபில்டர்ல தேடும்போது முதல் ரிசல்ட்டோட நிக்காதீங்க.

7. ஆட்டோரன்ஸ் இல்லாம கையாலயே பாக்கணும்னா

நெட் இல்லாத சிஸ்டமா இருந்தா இந்த வரிசைல போங்க.

முதல்ல டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப். வெள்ளை ஐகானோட வெறும் "ப்ரோக்ராம்"னு பேர் போட்டு, பப்ளிஷர் காலியா ஒண்ணு இருந்தா சந்தேகப்படுங்க. காலம் தலைப்புல ரைட் க்ளிக் பண்ணி கமாண்ட் லைனை டிக் பண்ணா அது எதைக் கூப்பிடுதுன்னு தெரிஞ்சிடும். இந்த டேப் டாஸ்க் ஷெட்யூலரைக் காட்டாது, அதனாலதான் "எல்லாத்தையும் டிசேபிள் பண்ணிட்டேன், அப்பவும் வருது"ன்னு சொல்றாங்க.

அடுத்து விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி ஷெல்:ஸ்டார்ட்அப், அப்புறம் ஷெல்:காமன் ஸ்டார்ட்அப். முதல்ல வர்றது உங்க ஃபோல்டர், ரெண்டாவது எல்லா யூசருக்கும் பொதுவானது.

அப்புறம் டாஸ்க் ஷெட்யூலர். லைப்ரரியை க்ளிக் பண்ணி நடுவுல வர்ற ஒவ்வொரு டாஸ்க்கோட ஆக்ஷன்ஸ் டேப்பையும் பாருங்க. ப்ரோக்ராம் இடத்துல ரன்டிஎல்எல்32, இல்ல டபிள்யூஸ்கிரிப்ட்னு மட்டும்தான் இருக்கும், கூப்பிடப்படுற ஃபைல் பேர் ஆர்க்யுமென்ட்ஸ்லதான் இருக்கும், அங்க பாக்காம விட்டுடாதீங்க. முக்கியமா, ரன்டிஎல்எல்32, டபிள்யூஸ்கிரிப்ட் ரெண்டும் விண்டோஸோட சொந்த ஃபைல், சிஸ்டம்32-க்குள்ள இருக்கும். வைரஸ் அதை வேலைக்காரன் மாதிரி யூஸ் பண்ணியிருக்கு, அவ்வளவுதான். எரர் தலைப்புல பேர் வருதேன்னு ரன்டிஎல்எல்32-ஐயே அழிக்கப் பாக்குறவங்க உண்டு, அழிச்சா கன்ட்ரோல் பேனல்ல பாதி திறக்காது.

கடைசியா ரெக்எடிட், ரெஜிஸ்ட்ரியைத் திறந்து திருத்துற டூல். பாக்க வேண்டிய இடம் சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > கரண்ட்வெர்ஷன் > ரன், இது கரண்ட் யூசர்லயும் உண்டு, லோக்கல் மெஷின்லயும் உண்டு. பக்கத்துலயே ரன்ஒன்ஸ். 64 பிட் விண்டோஸ்ல லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர்க்குள்ள வாவ்6432நோட்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ளயும் இதே ரன் இன்னொரு தடவை இருக்கும், நிறைய பேர் விடுறது இதைத்தான். அழிக்கிறதுக்கு முன்னாடி ரன் மேல நின்னு ஃபைல் > எக்ஸ்போர்ட் குடுத்து டெஸ்க்டாப்ல ஒரு காப்பி வைங்க. அழிக்க வேண்டியது வலது பக்கத்துல இருக்குற அந்த ஒரு வரியை மட்டும், இடது பக்கத்துல ரன் ஃபோல்டரையே அழிச்சிட்டா ஸ்டார்ட்அப்ல வர வேண்டிய நல்லதும் மொத்தமா போயிடும்.

8. அழிக்கக் கூடாத இடங்கள்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அழிச்சா தீர்ந்துடும். லாகினைக் கவனிக்கிற வின்லாகன் அப்படி இல்ல, அங்க அழிக்கக் கூடாது, திருத்தணும். இடம்: லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் என்டி > கரண்ட்வெர்ஷன் > வின்லாகன்.

அதுல ஷெல்ங்கிற வரில எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ மட்டும்தான் இருக்கணும். வைரஸ் அதைத் தன்னோட பேருக்கு மாத்தியிருந்து, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தூக்கிட்டா லாகின் ஆனதும் கருப்பு ஸ்கிரீன்தான், டாஸ்க்பார்கூட வராது. பதறாதீங்க, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல ரன் நியூ டாஸ்க் குடுத்து எக்ஸ்ப்ளோரர்னு அடிங்க. டெஸ்க்டாப் வந்துச்சுன்னா ஷெல் வரிதான் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், ரெக்எடிட் போய் திருத்துங்க. கரண்ட் யூசர் பக்கம் இருக்குற வின்லாகனையும் பாருங்க, அங்க சாதாரணமா ஷெல்னு வரியே இருக்காது, இருந்தா அது மட்டும் அழிக்கலாம்.

யூசர்இனிட் வரில சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\யூசர்இனிட்.இஎக்ஸ்இ, கடைசில ஒரு கமா, அந்தக் கமா தப்பு இல்ல, இருக்க வேண்டியதுதான். வைரஸ் கமாவுக்கு அப்புறம் தன் பேரைச் சேர்த்திருக்கும், அதை மட்டும் வெட்டுங்க. இந்த வரி முழுசா போச்சுன்னா பாஸ்வேர்டு அடிச்ச உடனே லாக்ஆஃப் ஆகும், திரும்ப அடிச்சா திரும்ப லாக்ஆஃப்.

அப்படி மாட்டிக்கிட்டா லாகின் ஸ்கிரீன்ல ஷிஃப்டைப் புடிச்சுக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க, ட்ரபிள்ஷூட் > அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் > கமாண்ட் ப்ராம்ப்ட் போய் ரெக்எடிட் அடிங்க. அங்க தெரியிறது உங்க ரெஜிஸ்ட்ரி இல்ல, ரெக்கவரியோட சொந்த ரெஜிஸ்ட்ரி, அதைத் திருத்திட்டு ஒண்ணும் மாறலன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல. லோக்கல் மெஷினை செலக்ட் பண்ணிட்டு ஃபைல் > லோட் ஹைவ் (ஹைவ்னா ரெஜிஸ்ட்ரி சேவ் ஆகியிருக்குற ஃபைல்; செலக்ட் பண்ணலன்னா அந்த மெனு மங்கலாவே கிடக்கும்), உங்க டிரைவ்ல விண்டோஸ் > சிஸ்டம்32 > கான்ஃபிக்குள்ள சாஃப்ட்வேர்ங்கிற ஃபைலைத் திறந்து ஏதாவது ஒரு பேர் குடுங்க. இங்க டிரைவ் லெட்டர் சி-யா இல்லாம டி-யா இருக்கலாம். உள்ள போய் திருத்திட்டு, குடுத்த பேர் மேல நின்னு அன்லோட் ஹைவ் குடுத்துட்டு வெளிய வாங்க.

இன்னொரு விசித்திரம். டாஸ்க் மேனேஜரை க்ளிக் பண்ணா "விண்டோஸ் கேனாட் ஃபைண்ட் டாஸ்க்எம்ஜிஆர்"னு வரும், ஆனா ஃபைல் இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கும். ஆட்டோரன்ஸ்ல இமேஜ் ஹைஜாக்ஸ் டேப்பைப் பாருங்க. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா அதுக்குப் பதிலா தன்னைத் திறக்கச் சொல்லி வைரஸ் டீபக்கர்னு ஒரு வரி எழுதியிருக்கும், காணாமப் போனது அந்த டீபக்கர்தான், மெசேஜ்ல மட்டும் பேர் மாறி வருது. அந்த டீபக்கர் வரியை எடுத்தா சரியாயிடும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்ங்கிற மைக்ரோசாஃப்ட் டூலை டாஸ்க் மேனேஜருக்குப் பதிலா நீங்களே செட் பண்ணியிருந்தாலும் இதே இடத்துல வரி இருக்கும், அதைப் பாத்து பயப்படாதீங்க.

9. எரர் நின்னதுக்கு அப்புறம்

எரர்ல வந்த பாத்துல இருந்த ஃபோல்டர் இன்னும் காலியா கிடக்கும், ஆப்டேட்டா போய் அழிச்சிடுங்க. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் > ப்ராக்சி போய் நீங்க போடாத ப்ராக்சி (உங்க நெட்டை வேற சர்வர் வழியா திருப்பி விடுற செட்டிங்) ஏதும் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆஃப் பண்ணுங்க. ப்ரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் போன்லேர்ந்தோ வேற சிஸ்டத்துலேர்ந்தோ மாத்துங்க, மெயிலும் பேங்கும் முதல்ல.

பென்டிரைவ் வழியா வந்ததுன்னா அந்த பென்டிரைவ் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல எக்ஸ்டென்ஷனையும் ஹிடன் ஃபைலையும் காட்டச் சொல்லி வச்சுட்டு சொருகுங்க, எதையும் டபுள் க்ளிக் பண்ணாம முதல்ல ரைட் க்ளிக்ல ஸ்கேன். ஃபோல்டருக்குப் பதிலா ஷார்ட்கட்டா தெரிஞ்சா ஒரிஜினல் ஃபோல்டர் எங்கயும் போகல, மறைச்சு வச்சிருக்கு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஆட்ரிப் -ஹெச் -ஆர் -எஸ் /எஸ் /டி ஜி:\*.* அடிங்க, ஜி-க்குப் பதிலா உங்க பென்டிரைவ் லெட்டர். ஃபோல்டர் எல்லாம் வெளிய வந்ததும் ஷார்ட்கட்டையும் கூட இருக்குற விபிஎஸ் ஃபைலையும் அழிச்சிடுங்க. ஜெராக்ஸ் கடை அண்ணன் சிஸ்டத்தை வாங்கிட்டுப் போன மறுநாளே திரும்ப வந்தாரு, அவரோட சட்டைப் பையில இருந்த பென்டிரைவை எங்கிட்ட குடுக்கவே இல்ல.